பாதையில் பதித்த நூற்று நாற்பத்தாறு பெயர்கள்

2023 மே 9, செவ்வாய்க்கிழமை. காலை 5:50க்கு எழுந்தேன். 7:20க்கு அலுவலகம். மழைநீர் வடிகால் அடைப்பு பற்றி இரண்டு புகார்கள், நடைபாதை விரிசல் பற்றி ஒன்று. மூன்றுக்கும் பதில் எழுதினேன். 9:15க்கு சேஃப்டி ஷூ மாட்டிக்கொண்டு, டிராயிங் ரோலுடன் பூங்காவுக்குக் கிளம்பினேன்.

நான் கரூரில் பிறந்த சிவில் இன்ஜினியர். நியூ ஜெர்சியில், பார்சிப்பனிக்கு அருகே ஒரு டவுன்ஷிப்பின், அதாவது ஊர் நிர்வாகத்தின், பொறியியல் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை. அந்த வாரம் கையில் இருந்தது, கோவிட் காலத்தில் வேலையில் இருந்தபடியே இறந்துபோன ஊர்க்காரர்களுக்குப் பூங்காவில் கட்டும் நினைவிடம். திறப்பு விழாவுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களும் ஒரே விவாதத்தில் போயிருந்தன. நினைவுச் சுவரில் சிலுவை வேண்டும் என்றார்கள் சிலர். பொது நிலத்தில் எந்த மதச் சின்னமும் கூடாது என்றார்கள் சிலர். வைத்தால் எல்லாருடையதும் வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் வழி சொன்னது நான்தான். சுவர் டவுன்ஷிப்புடையது, அதில் எதுவும் வேண்டாம். நடைபாதைக் கற்கள் குடும்பங்களுடையவை. ஒரே அளவு, பெயருடன் அவரவர் விரும்பும் சின்னம். நினைவிடக் கமிட்டி கை தட்டியது. என் மேலதிகாரி ஃபிராங்க் எனக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

வரிசை மாறிய கற்கள்

பெயர்கள் அகர வரிசையில் இருக்க வேண்டும் என்பது டிராயிங். நூற்று நாற்பத்தாறில் நாற்பது கற்கள் பதித்திருந்தார்கள். சரிபார்த்ததில் பதினொன்று இடம் மாறியிருந்தன. பதினொன்றும் ஓரத்து வரிசையில், புல்லை ஒட்டி. அத்தனையிலும் சிலுவை.

கொத்தனார் லூயிஸை அழைத்தேன். முப்பது வருட அனுபவம் உள்ளவர், இப்படித் தப்புச் செய்கிறவர் அல்ல.

"லூயிஸ், டிராயிங் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"அப்புறம் ஏன் இப்படி?"

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நடுவுல வச்சா எல்லாரும் மிதிப்பாங்க. ஓரத்துல வச்சா கொஞ்சம் கம்மியா மிதிப்பாங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு வருஷம் சண்டை போட்டு முடிவு பண்ணியிருக்கீங்க. கல்லு வைக்கறவன் நான் என்னத்தைச் சொல்ல? அதுவுமில்லாம, நீங்களும்தான் அதுமேல நிக்கலையே."

குனிந்து பார்த்தேன். நாற்பது கற்களையும் நான் சரிபார்த்தது பாதைக்கு வெளியே, புல்லில் நின்றபடி. புத்தகத்தில் கால் பட்டால் இன்றுவரை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். அந்த நான்தான் ஊரார் பெயர்களையும் அவர்களுடைய சாமிகளையும் நடைவழியில் படுக்கவைத்துப் படம் வரைந்திருந்தேன். வரைந்தபோது அது 'பேவர் லே-அவுட், ஷீட் 6' என்ற கல் பதிப்பு வரைபடம் மட்டும்தான்.

ரஹ்மத் அக்கா

கற்கள் வந்துவிட்டதாக எல்லாக் குடும்பங்களுக்கும் மின்னஞ்சல் போயிருந்தது. பத்து மணி அளவில் ஒரு பெண்மணி தனியாக வந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"நீங்க நம்மூராம்மா?"

"கரூருங்க அக்கா."

"எனக்கு மேலப்பாளையம். பேரு ரஹ்மத். ஜமால் வீட்டுக்காரி. ஃபார்மசிஸ்ட் ஜமால்."

அடுக்கி வைத்திருந்ததில் தேடி எடுத்துக் காட்டினேன். பெயர், ஒரு பிறை. விரலால் பிறையைத் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இத எங்க வைக்கப் போறீய?"

"இந்தப் பாதையிலதாங்க."

"தரையிலயா? ஏம்மா, ஆளு நடப்பாவ, நாயக் கூட்டிட்டு வருவாவல்லா?"

"பாதையில வைப்போம்னு ஃபார்ம்லயே போட்டிருந்தோமே அக்கா."

"எம் மவன் ஆன்லைன்ல ஃபில் பண்ணினான். பேரு சரியா இருக்கான்னு மட்டுந்தான் பாத்தேன்." கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். "வேண்டாம்மா. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருதேன். அவுக பேரு இங்க இல்லாட்டியும் இருக்கட்டும். மிதிபட வேண்டாம்."

அந்தக் கல் போனால், ஊர் நினைவிடத்தில் அவர் கணவர் இல்லை. அதற்குக் காரணம் என் ஷீட் 6.

"இன்னிக்கு ஒரு நாள் டைம் குடுங்க அக்கா. சாயங்காலம் ஏழு மணிக்குக் கமிட்டி மீட்டிங் இருக்கு. நீங்களும் வாங்க."

"கல்லு?"

"உங்ககிட்டயே இருக்கட்டும்."

கார் முன்சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டு எடுத்துப் போனார்.

கமிட்டி

மதியம் ஃபிராங்க்கிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மீனா, அந்தச் சண்டையை இன்னொரு ரவுண்டு உட்கார்ந்து கேக்க என் முதுகு தாங்காது."

"சின்னத்தைப் பத்திப் பேச வேண்டாம். இடத்தைப் பத்தி மட்டும்."

பாதையை ஒட்டி முழங்கால் உயரத்தில் பூச்செடித் திட்டு ஒன்று ஏற்கெனவே டிராயிங்கில் இருந்தது. அதன் முகப்பில் கற்களைச் சாய்வாகப் பதிக்கலாம் என்று வரைந்து காட்டினேன். அவர் டவுன்ஷிப் வக்கீலை அழைத்தார். எங்கே இருந்தாலும் கல்லில் உள்ள வாசகமும் சின்னமும் குடும்பங்களுடையவை என்று பலகை வைத்தால் போதும் என்றார் வக்கீல்.

எல்லாக் கற்களையும் மேலே தூக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு ஏழு மணிக்குப் போனேன். விளக்கி முடித்ததும் வால்டர் எழுந்தார். பஸ் ஓட்டிய மனைவியைப் பறிகொடுத்தவர்.

"என் டோரிஸை எங்கேயும் தூக்க வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் ஜனங்க அவ பஸ்ல ஏறி இறங்கினாங்க. காலடிச் சத்தம் இல்லாத இடத்துல அவளுக்குப் போரடிக்கும். பாதையிலயே வைங்க."

டோரிஸின் கல்லில் சிலுவை இருந்தது. லூயிஸ் ஓரத்துக்கு ஒதுக்கிய பதினொன்றில் அதுவும் ஒன்று. இப்படி ஒரு பதில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரஹ்மத் அக்கா ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. அவுக வீட்டுக்காரிக்கு அதுதான் சந்தோசம்னா அங்கனயே இருக்கட்டும். எங்க வீட்டு ஆளுக்கு மட்டும் மேல எடம் குடுங்க."

சொன்னேன். வால்டர் அவரை உற்றுப் பார்த்தார்.

"ஜமாலா? மெயின் ஸ்ட்ரீட் ஃபார்மசியிலயா? எனக்கு பிரஷர் மாத்திரை குடுத்தது அவர்தான். உயரமான கவுன்ட்டருக்குப் பின்னால நின்னு, கீழ பார்த்துத்தான் என்னைத் திட்டுவார், உப்பைக் குறைக்கலைன்னு. அவர் மேலயே இருக்கட்டும். அங்கதான் எனக்குப் பழக்கம்."

ரஹ்மத் அக்கா சிரித்துவிட்டார். "வீட்லயும் அப்படித்தான், உப்பு போடவே விடமாட்டாவ."

ஒவ்வொரு குடும்பமும் பாதையா, திட்டா என்று தானே சொல்லட்டும் என்று 8:25க்குத் தீர்மானம் ஆயிற்று.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அனுபவமுள்ள கொத்தனார் டிராயிங்கை மீறியிருந்தால், திருத்தச் சொல்லும் முன் காரணம் கேளுங்கள். நான் குடும்பங்களுக்குக் கொடுத்த படிவத்தில் பதினேழு கேள்விகள் இருந்தன. சின்னத்தின் அளவைக்கூட மில்லிமீட்டரில் கேட்டிருந்தேன். எங்கே வைக்கலாம் என்ற கேள்வி அதில் இல்லை.

மறுநாள் புதன்கிழமை. எட்டு மணிக்கு முன் யாரையும் அழைப்பது முறையல்ல என்பதால் காத்திருந்து, 8:01க்குப் பட்டியலின் முதல் பெயருக்குரிய குடும்பத்தை அழைத்தேன். இறந்தவரின் தம்பி எடுத்தார். விவரம் சொன்னேன்.

"எங்க அக்கா கல்லுல எந்தச் சின்னமும் கிடையாதே. எங்களுக்கு சாமி நம்பிக்கை இல்லை. என்னை ஏன் கேக்கறீங்க?"

"பேர் இருக்கு சார்."

அக்காவின் பெயரை ஒருமுறை தானே சொல்லிப் பார்த்தார். பிறகு, "மேல வைங்க" என்றார்.

எண் 1, திட்டு என்று எழுதிக்கொண்டு, இரண்டாவது எண்ணை அழைத்தேன்.