மௌன அட்டை அணிந்திருந்த பயணி

1. சுவர்

பதினொரு பேரை வேனிலிருந்து இறக்கினேன். நாலரை மணிக்குப் பத்துப் பேர்தான் திரும்பி வந்தார்கள்.

டூர் கைடாக அது எனக்கு ஆறாவது வருடம். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு நாளிதழுக்கு மாவட்டச் செய்தி எழுதினேன். திருவண்ணாமலையில் ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள், கோயிலையும் மலையையும் பார்த்து முடித்த பிறகு, "வேற எங்க போகலாம்?" என்பார்கள். திண்டிவனம் வழியாக மூன்று மணி நேரத்தில் கடற்கரைக்கு அழைத்துப்போவேன். அங்கே உப்பங்கழி ஓரமாக ஒரு இயற்கைப் பூங்கா. சவுக்குத் தோப்புக்குள் நடைபாதைகள், நடுவில் சிதைந்த பழைய கோட்டை.

வராத பயணி வசந்தா அம்மா. சென்னையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. நாற்பது நாள் மௌன விரதத்தில் அன்று முப்பத்தோராவது நாள். கழுத்தில் 'மௌனம்' என்று எழுதிய அட்டை. எங்கள் ஊரில் இது புதிதல்ல. அட்டையைப் பார்த்தால் டீக்கடைக்காரர்கூட சர்க்கரை டப்பாவைத் தூக்கிக் காட்டித்தான் கேட்பார். வரும் வழியில் டிரைவர் செல்வம், "சவாரின்னா இந்தம்மா மாதிரி இருக்கணும் சார். ஏசி கம்மியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றார். வசந்தா அம்மாவும் சிரித்தார்.

இறங்கியதும் எல்லோரிடமும் நான் சொன்னது இது: "கோட்டைச் சுவரை வலக்கைப் பக்கமா வெச்சிட்டு நடங்க. கிரிவலம் மாதிரிதான். சுத்திட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்துடுவீங்க."

நான் அந்தச் சுவரை ஒருமுறைகூட முழுதாகச் சுற்றியதில்லை. முன்வாசல் வரை போய்ப் பேசிவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். மலையைச் சுற்றிப் பழகிய கால், சுவரும் சுற்றி வந்து மூடும் என்று நம்பிவிட்டது.

2. செருப்பு

சுவர் உடைந்த இடத்தில் மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். "அந்தம்மா மட்டும் முன்னாடியே போயிட்டாங்க" என்றார் ஒருவர்.

பூங்கா வாட்ச்மேன் ஏழுமலையிடம் ஓடினேன். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர்.

"இன்னாது, சுவத்த சுத்தி வரச் சொன்னியா? யாருய்யா உன்ன கைடாக்குனது? கிழக்கால சுவரே கெடையாது. எல்லாம் தண்ணிக்குள்ள உழுந்து கெடக்குது."

"அப்ப அவங்க எப்படிப் போயிருப்பாங்க?"

"மத்தியானம் தண்ணி வத்திக் கெடக்கும். கல்லு மேல காலு வெச்சிப் போயிடலாம். இப்ப ஏறுது. திரும்ப வர்றதுதான் கஷ்டம்."

"எவ்ளோ ஏறும்?"

"இடுப்புக்கு ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் சேறு. கல்ல உட்டு எறங்கினா உள்ள இழுக்கும்."

செல்வத்தையும் கூட்டிக்கொண்டு மூவரும் சுவரோரமாக ஓடினோம். "வசந்தாம்மா! வசந்தாம்மா!" மூச்சு விடாமல் மாறி மாறிக் கத்தினோம். செல்வம் ஓடிக்கொண்டே கேட்டார்: "அவங்கதான் பேச மாட்டாங்களே சார், கூப்ட்டு இன்னா ஆவப் போவுது?" நிறுத்தப் பயமாக இருந்ததால் கத்தினோம்.

சுவர் தண்ணீரில் இறங்கும் இடத்தில் வசந்தா அம்மாவின் செருப்பு ஜோடி இருந்தது. பழுப்பு நிறம், இடது வாரில் ஊக்கு. கோயில் வாசலில் விடுவதுபோல் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார். கிரிவலம் மாதிரி என்று சொன்னேன் அல்லவா, கழற்றிவிட்டார். அலை அதன் முனையை நனைத்துப் போனது.

அந்தச் செய்தியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கரையில் செருப்பு, பெயர், வயது, ஊர். தலைப்புகூட மனதில் தானாக வந்தது. வசந்தா அம்மா இறங்கும்போது கொடுத்துவிட்டுப் போன போன் செல்வத்தின் சட்டைப் பையில் அடித்தது. திரையில் 'பாப்பா' என்று வந்தது. மகள்.

"எடுக்கட்டுமா சார்?"

"எடுத்து என்னன்னு சொல்றது?"

அடித்து முடியும் வரை இருவரும் அதையே பார்த்தோம். பிறகு மறுபடியும் கத்தத் தொடங்கினோம்.

3. குரல்

"யோவ், செத்த வாய மூடுங்கய்யா!" என்றார் ஏழுமலை.

மூடினோம். சவுக்குத் தோப்பில் காற்று. தண்ணீர் கல்லில் மோதும் சத்தம். அதற்கு அடியில், கிழிந்த துணி போல ஒரு குரல்.

"இங்க... இங்க இருக்கேன்..."

கோட்டையின் கிழக்கு மூலையில் இடிந்த கொத்தளம் ஒன்று தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் வசந்தா அம்மா ஒட்டி நின்றிருந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு கைதான் தெரிந்தது.

ஏழுமலை ஒரு சவுக்குக் கழியை எடுத்துக்கொண்டு இறங்கினார். தண்ணீருக்குள் கிடந்த சுவரின் முதுகைக் கழியால் தட்டித் தட்டித் தேடி, அதன் மேலேயே நடந்தார். பாதி வழியில் ஒரு கால் நழுவி மார்பு வரை முங்கினார். எனக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்றேன். "என் காலு வெச்ச எடத்துல வெச்சி வாம்மா, கீழ பாக்காத" என்று அவர் சொல்வது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. வசந்தா அம்மாவின் உள்ளங்கால் இரண்டும் சிப்பி கிழித்து ரத்தமாக இருந்தன. அட்டையின் எழுத்து கரைந்துபோயிருந்தது.

செல்வம் போனை நீட்டினார். வசந்தா அம்மா முதலில் மகளை அழைக்கவில்லை. என்னைப் பார்த்தார். தொண்டை கட்டியிருந்தது.

"நீங்க முதல் தடவை கூப்பிட்டப்பவே பதில் குடுத்தேன். அப்புறமும் குடுத்துட்டேதான் இருந்தேன். நீங்க நிறுத்தவே இல்லையே."

முப்பத்தோரு நாள் காத்த மௌனத்தை அவர் உயிருக்காக விட்டிருந்தார். பேச மாட்டார் என்று முடிவு கட்டியிருந்ததால், நாங்கள் கேட்பதற்கு ஒரு நொடிகூட விடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். நீங்கள் நடக்காத பாதையில் பயணியை அனுப்பாதீர்கள். ஆளைக் காணோம் என்றால் ஒருமுறை கூப்பிடுங்கள், பிறகு முப்பது எண்ணும் வரை வாயை மூடி நில்லுங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படித்தான் நிற்கிறேன், எல்லோரும் கண்ணெதிரே இருந்தாலும். "சார் மௌனத்துல இருக்காரு, யாரும் பேசாதீங்க" என்று செல்வம் கிண்டல் செய்வார். எண்ணி முடித்த பிறகுதான் அவருக்குப் பதில் சொல்வேன்.