கொள்ளு டப்பாவும் சிங்காரி காதும்

சலக்... சலக்... சலக்...

பால் பவுடர் டப்பாக்குள்ள கொள்ளு உருளுற சத்தம். இதை ஆட்டிக்கினு எத்தினியோ சாயங்காலம் மரக்காணம் உப்பளத்து வரப்புல நின்னிருக்கேன்.

எனக்கு எழுத்துக்கூட்டிதான் படிக்க வரும். போன்ல பேசுனா அதுவே எழுதிக்குது, என் பொண்ணு செல்வி சொல்லிக்குடுத்தா. தப்பு இருந்தா நீங்களே சரி பண்ணி படிச்சுக்குங்க.

எங்க வூட்டுக்காரருக்கு பொம்மையார்பாளையம் பக்கத்துல வேலை. குதிரை சவாரி சொல்லிக்குடுக்கற எடம். குளிப்பாட்டறது, தீனி வைக்கறது, கவுறு புடிச்சிக்கினு கூடவே நடக்கறது எல்லாம் இவருதான். குதிரை மேல ஏர்றது மட்டும் வேற ஆளுங்க.

நான் உப்பளத்துல உப்பு வாருவேன். வெடிகாலைல போனா வெயில் ஏறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். சாயங்காலம் அதே உப்பளத்துக்கு போட்டோ எடுக்கறவங்க வருவாங்க. பாத்தில நிக்கற தண்ணில வானம் அப்டியே செவப்பா தெரியும்ல... அதுல குதிரையும் ஆளும் தலைகீழா தெரியணும், அதுக்குதான்.

குட்டி யானை வண்டில குதிரை வந்து எறங்கும். அது பேரு சிங்காரி. செவலை நெறம்.

இங்கதான் ஒரு பிரச்சன. உப்பைப் பாத்தா சிங்காரி தலைய குனிஞ்சிடும். நக்க ஆரம்பிச்சா நிமிராது. சூரியன் பனமரத்துக்குப் பின்னாடி எறங்கிக்கினே இருக்கும், போட்டோகிராபர் கத்துவாரு... "அண்ணே, தலைய தூக்க சொல்லுங்கண்ணே! காது ரெண்டும் முன்னாடி நிக்கணும்ணே!"

இவரு கவுற இழுத்தா, காதை பின்னாடி மடக்கிக்கினு மொறைக்கும்.

அப்பறம் ஒரு நாளு என்னை கூப்ட்டாரு. "அஞ்சல, நீ கேமராவுக்குப் பக்கத்துல நின்னு கொள்ளு டப்பாவ ஆட்டு."

ஆட்டினேன். சடார்னு தலை தூக்கிச்சி... ரெண்டு காதும் நேரா என் பக்கம்!

அன்னிலேர்ந்து அது என் வேலையாச்சு. சம்பளம் கெடையாது, டீ உண்டு.

ஒரு சாயங்காலம் பாண்டிலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருந்தது. சவாரி கத்துக்கற பொண்ணு. கார்லயே உக்காந்து தலை சீவிக்கினு இருக்கு, வெளிய வரல. வெளிச்சம் போவுது. போட்டோகிராபர் தம்பி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "அண்ணே, நீங்க ஏறி உக்காருங்க. லைட்டு எப்டி விழுதுன்னு ஒண்ணு எடுத்துப் பாத்துக்கறேன்"னாரு.

"நானா? வேணாம் சார். மொதலாளி பாத்தா அவ்ளோதான்."

நான் வுடல. "ஏறுங்க. கல்யாணத்துக்குத்தான் சைக்கிள்ல வந்தீங்க, இப்பவாச்சும் குதிரைல வாங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு ஏறுனாரு. அத்தினி வருஷம் அதுக்கு தீனி வச்ச மனுசன், அன்னிக்குத்தான் உப்பளத்துல அது மேல உக்காந்தாரு. முதுகு தானா நிமிந்துச்சு.

சிங்காரி வழக்கம்போல குனிஞ்சிது. நான் டப்பாவ ஆட்டினேன்.

குதிரையும் பாத்துச்சு, இவரும் பாத்தாரு. "ஏய், எனக்கும் சேத்தா ஆட்டற?"

கிளிக்.

அவ்ளோதான். அந்தப் பொண்ணு வந்துச்சு, இவரு எறங்கி கவுற புடிச்சிக்கினாரு. இருட்டறதுக்குள்ள வேலை முடிஞ்சிது. எங்ககிட்ட பட்டன் போன்தான் இருந்துச்சு, அந்தப் படத்த நாங்க கேக்கவும் இல்ல.

அவரு போயி இன்னும் வருஷம் திரும்பல. நெஞ்சு வலின்னாரு... ஆஸ்பத்திரி போயி சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு போட்டோ கேட்டாங்க. ஆதார் அட்டைல இருக்கறத வுட்டா வேற இல்ல. பேனர் கடைக்காரரு அந்த மூஞ்சிய எடுத்து, கோட்டு போட்டு டை கட்டுன யாரோ ஒடம்புல ஒட்டிட்டாரு. தெருமொனைல பேங்க் மேனேஜர் மாதிரி நிக்கறாரு எங்க வூட்டுக்காரரு! அழுதுக்கினே சிரிச்சேன்.

ஆனா வூட்ல மாட்டி பூ வைக்க அது எனக்கு வேணாம். எனக்கு அந்த குதிரை போட்டோதான் வேணும்னேன்.

செல்வி அலைஞ்சா. சவாரி எடத்துல கேட்டு அந்த போட்டோகிராபர் தம்பி நம்பர வாங்கிட்டா. "டெஸ்ட்டுக்கு எடுத்ததெல்லாம் அழிச்சிடுவேனேம்மா... தேடிப் பாக்கறேன்"னாரு. எனக்கு சோறு எறங்கல. போன் அடிச்சா ஓடுவேன். அதுவா இருக்காது.

நான் நம்பிக்கைய வுட்டுட்ட பொறவு ஒரு நாளு அந்தப் படம் வந்துச்சு.

பெருசா போட்டு பிரேம் பண்ணி மாட்டியாச்சு. பின்னாடி அத்தினியும் செவப்பு. குதிரையும் ஆளும் கறுப்பா, வரைஞ்சு வச்சாப்ல.

மருமவன் பாத்துட்டு, "என்ன அத்த, மாமா மூஞ்சே தெரியல. பொட்டு எங்க வைப்பீங்க?"ன்னாரு.

"கண்ணாடி மேல வைக்கறேன் போ. அவரு சிரிக்கறாருப்பா. நான் எதுர்ல நின்னு பாத்தேன்."

இப்பவும் உப்பளத்துல போட்டோ எடுக்கறாங்க. அன்னிக்கு ஒரு நாளு பஸ்லேர்ந்து எறங்கி கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். இப்ப டப்பா கெடையாது. செல்லுல குதிரை கனைக்கற சத்தம் வைக்கறாங்க, குதிரை எங்கடா இன்னொரு குதிரைன்னு தலைய தூக்கிப் பாக்குது. நல்லாதான் இருக்கு. ஏமாத்து வேலை, ஆனா நல்லாருக்கு.

நாங்க ஏமாத்துனது இல்ல. எடுத்து முடிச்சதும் கொள்ளு அதுக்குத்தான்.

டப்பா இப்ப என் அடுப்பு மேடைல இருக்குது. கொள்ளு ரசம் வைக்க எடுக்கறப்ப கையில லேசா ஆடும்...

நான் தலைய தூக்கிப் பாப்பேன். செவுத்துல அவரு ஏற்கெனவே என்னைத்தான் பாத்துக்கினு இருப்பாரு.