தோட்டத்தில் பீறிட்ட தண்ணீர்

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தென்னந்தோப்பில் போர் போட்டார்கள். தோப்பு என்பதெல்லாம் அப்பாவின் பேச்சில்தான். வருஷா வருஷம் பட்டுப்போய் மறுபடி மறுபடி நட்ட கன்றுகள் அவை. தெருக்குழாயிலிருந்து அம்மா சைக்கிளில் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றியதால் ஏதோ உயிரோடு இருந்தன. இந்தத் தடவையும் தண்ணீர் இல்லையென்றால் நிலத்தை விற்றுவிட்டு ஆனையூரில் வாடகை வீட்டுக்குப் போய்விடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து போர் வண்டி இரைந்துகொண்டே இருந்தது. குழியிலிருந்து வெள்ளைத் தூள் கிளம்பிக் கிளம்பி, என் தலைகூட நரைத்துப்போயிற்று. மத்தியானத்துக்கு மேல் தூள் ஈரமானது. பிறகு ஒரு உறுமல். பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது!

முதல் தண்ணீரில் நிலத்துக்காரர் நனைய வேண்டுமாம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றார். அத்தை மஞ்சளையும் குங்குமத்தையும் அள்ளி வீசினாள். தாய்மாமா செல்போனில் படமெடுத்தார். நான் சேற்றில் உருண்டேன். அம்மா மட்டும் குடம், அண்டா, சோற்றுச்சட்டி என்று கையில் சிக்கியதையெல்லாம் தூக்கிவந்து, கலங்கல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கங்கையே வந்துருச்சு, இன்னும் எதுக்கு இம்புட்டுக் குடம்? வந்து நனை!" என்று அப்பா கத்தினார்.

"வர்ற வரைக்கும் பிடிச்சு வச்சுக்கிருவோம்," என்றாள் அம்மா அலுப்பாக.

எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எல்லோரும் சிரிக்கிற நாளில், துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரியா முகத்தை வைத்துக்கொள்வது?

சாயங்காலம் வண்டியை நிறுத்தினார்கள். தண்ணீர் மளமளவென்று குட்டையாகிக் குழிக்குள் இறங்கிவிட்டது. அப்பா வண்டிக்காரரைப் பார்த்தார்.

"அது கம்ப்ரஸர் காத்துத் தள்ளுன தண்ணிண்ணே. மோட்டார எறக்குனாத்தான் ஊத்து எம்புட்டுன்னு தெரியும்," என்றார் அவர்.

மறுநாள் மோட்டார் இறக்கினார்கள். இரண்டு வாளி நிறைவதற்குள் குழாய் இருமிவிட்டு வெறும் காற்றை ஊதியது. அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்டாவில் தெளிந்திருந்த தண்ணீரை மொண்டு அவர் முகம் கழுவக் கொடுத்தாள் அம்மா. மிச்சத்தைக் கன்றுகளுக்கு ஊற்றினாள். விற்கப்போகிற நிலத்துக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்குச் சந்தோஷப்படவே தெரியாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே அங்கே இரண்டு போர் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் அப்பாவுக்கு முன்னால் ஓடிப்போய்த் தலையோடு கால் நனைந்து ஆடியவள் அவள்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.