ஒன்பதாம் கதவில் கட்டிய வலை

நம்புங்கள் என்று யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. நடந்தது கருத்தம்மாவுக்கு. அவள் இன்றும் திருப்பூரில்தான் இருக்கிறாள். அவள் சொன்னதில் ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறீர்களா? இது சாயங்காலம் 6.40-க்கு ஆரம்பித்தது. 7.20-க்கு முடிந்தது. மெயின் ரோட்டில் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

2008, நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை.

கருத்தம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமான மறு வருஷமே பனியன் கம்பெனி வேலைக்கு என்று திருப்பூர் வந்தவள். பல வருஷம் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டிக் கண் மங்கிப்போன பிறகு, ஒரு சின்ன டிரஸ்டில் சேர்ந்தாள். மலேரியா கண்ட இடங்களுக்குப் போய் மருந்து ஏற்றிய கொசுவலை கொடுப்பது, அதை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டுவது. அதுதான் வேலை. அவளுக்கே ஒரு தடவை மலேரியா வந்திருக்கிறது. நான்கு கம்பளி போர்த்தினாலும் நிற்காத அந்தக் குளிர் நடுக்கம் எப்படி இருக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். அதனால் எந்த வீட்டில் யார் நடுங்கினாலும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியாது. அன்றைக்கு அவளை உள்ளே இழுத்ததும் அதுதான்.

குன்னத்தூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு மண் ரோட்டில் அரை மைல் உள்ளே ஒரு லைன் வீடு. ஒரே வரிசையில் ஒன்பது கதவு. பின்னால் கல் உடைத்தெடுத்த பெரிய பாறைக்குழி. ஐப்பசி மழையில் அது நிரம்பி, தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. அந்த லைனில் ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு மலேரியா. ஞாயிற்றுக்கிழமையே கருத்தம்மா வந்து ஆட்களைக் கணக்கெடுத்துப் போயிருந்தாள். எட்டு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஒன்பதாவது கதவில் பூட்டு. அதில் யாரும் குடியில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். பட்டியலில் ‘பூட்டு’ என்றே எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வலைகளை ஏற்றிக்கொண்டு வந்தவன் முருகேஷ். உள்ளூர் நெசவுக்காரக் குடும்பத்துப் பையன், வயது இருபத்தெட்டு, டிரஸ்டின் சின்ன லோடு வண்டியை ஓட்டுகிறவன். கருத்தம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

சாயங்காலம் 4.45-க்கு ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வலையைப் பிரித்து, நாலு மூலையிலும் கயிறு கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் எப்படிச் சொருகுவது என்று காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி முடிக்க 6.30 ஆகிவிட்டது. இருட்டிவிட்டது. மழை தூறியது. ரோட்டோரம் நின்ற வண்டியின் பின் சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது. நீங்க இங்கயே நில்லுங்க, வண்டியைக் கிளப்பிக் கொண்டாறேன் என்று முருகேஷ் போனான். கருத்தம்மா மீதமிருந்த வலைகளைப் பைக்குள் அடுக்கினாள்.

6.40. கரண்ட் போனது.

அந்த வருஷம் கரண்ட் போகாத நாளே கிடையாது. அதனால் யாரும் பதறவில்லை. எட்டு வீட்டிலும் ஒவ்வொன்றாக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கருத்தம்மா டார்ச்சை எடுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தட... தட... தட... தட...

ஒன்பதாவது கதவு.

இரட்டைக் கதவு அது. ஒரு பக்கம் ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. மறுபக்கம் ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. உள்ளே யாரோ அந்தக் கதவில் சாய்ந்து உட்கார்ந்து நடுங்கினால் எப்படி ஆடுமோ, அப்படி.

பூட்டைக் காணோம். மத்தியானம் யாரோ புதிதாகக் குடி வந்திருப்பார்கள் என்று நினைத்தாள். பக்கத்தில் போனாள்.

“ஆரு?” உள்ளேயிருந்து பெண் குரல்.

“கொசுவலை குடுக்க வந்திருக்கேம்மா.”

“உள்ள வாங்க சாமி.”

உள்ளே சிம்னி விளக்கு எரிந்தது. கதவில் சாய்ந்து ஒரு பெண், போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பல் கிட்ட நடுங்கினாள். எதிர்ச் சுவரை ஒட்டி ஒரு ஆள். அவனுக்குப் பின்னால் பத்து வயதுப் பெண் பிள்ளை. கருத்தம்மாவைப் பார்த்ததும் அந்த ஆள் இரண்டு கையையும் கூப்பினான்.

வணக்கம் வைக்கிறான் என்று நினைத்து இவளும் கும்பிட்டாள்.

அவன் கையை இறக்கவில்லை.

குழந்தையை முதுகுக்குப் பின்னால் இன்னும் இறுக்கிக்கொண்டான். அவன் உதடு எதையோ சொன்னது. சத்தம் வரவில்லை. புது ஆளைக் கண்டு கூச்சப்படுகிறார்கள் என்று கருத்தம்மா விட்டுவிட்டாள்.

இன்னொன்றும் அவளுக்கு உறுத்தியது. வாசலில் முகத்தில் மொய்த்த கொசு, வாசலைத் தாண்டியதும் ஒன்றுகூட இல்லை. காதில் ஒரு ‘ங்ங்’ கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சு இல்லை. மழைச் சத்தம் இல்லை. ஓட்டுக் கூரைதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வரை தூறல் விழுந்த கூரை...

நேரம் 6.48. கைக்கடிகாரத்தைப் பார்த்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“எத்தன பேரு இருக்கீக?” என்று கேட்டாள்.

“நாலு பேருங்க.”

மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது யார் என்று கேட்டாள். அந்தப் பெண் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, அறையின் நடுவில் விரித்திருந்த பாயைக் காட்டினாள்.

“சின்னவ. தூங்கவே மாட்டீங்கறா.”

பாயில் ஒரு பழஞ்சேலை விரிந்து கிடந்தது. தட்டையாக. அதற்கடியில் ஒன்றுமில்லை.

காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள். கருத்தம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். சீக்கிரம் வலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, முருகேஷ் வந்ததும் இவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்தாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள். நாலு மூலையிலும் ஆணி இருந்தது. சரியான உயரத்தில். கட்டினாள்.

அந்த ஆள் கூப்பிய கையோடு அப்படியே நின்றான். கண் இமைக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“ஓரத்த இப்படிச் சொருகணும். பாத்துக்கங்க.”

வலைக்குள் போய் மண்டியிட்டாள். ஒரு பக்கம் சொருகினாள். இரண்டாவது பக்கம். மூன்றாவது. நாலாவது பக்கமும் சொருகி முடித்தாள்.

7.02. டார்ச் அணைந்தது.

சிம்னியும் அணைந்தது.

கதவு ஆடும் சத்தம் நின்றது.

“அம்மா?” என்றாள் கருத்தம்மா.

வெளியே வர ஓரத்தைத் தேடினாள். அவள் கையால் சொருகிய ஓரம். கிடைக்கவில்லை. தடவத் தடவ வலை... வலை... வலைதான்.

அப்போது அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

சின்னக் கை.

நெருப்பாகச் சுட்டது.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. அந்தக் கை இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பிறகு ஒரு தலை அவள் மடியில் சாய்ந்தது. வியர்வையில் நனைந்த முடி. மூச்சு வேகவேகமாக இறைத்தது.

வலைக்கு வெளியே, ரொம்பத் தூரத்திலிருந்து வருவது போல, அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

“அவளத் தூங்க வெச்சுப்போட்டுப் போங்க சாமி.”

ஏன் செய்தாள் என்று கருத்தம்மாவுக்கு இன்றும் தெரியாது. தட்டிக் கொடுத்தாள். வலது கையால். மெதுவாக.

மூச்சு குறைந்தது.

சூடு குறைந்தது.

காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்தாள்...

இன்னும் குறைந்தது.

இன்னும்.

டமார்!

கதவு உடைந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முருகேஷ் கையில் ஜாக்கி ராடோடு நின்றான். அவனுக்குப் பின்னால் லைன் ஜனம் முழுக்க நின்றது. நேரம் 7.20.

முருகேஷ் பிறகு சொன்னது இது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது அக்காவைக் காணோம். ஒவ்வொரு வீடாகக் கேட்டான். கடைசியில் ஒன்பதாவது கதவுக்குள் யாரோ தட்டுகிற சத்தம். குழந்தையைத் தூங்க வைக்கத் தட்டுவது போல, ஒரே சீராக. கதவில் பூட்டு தொங்கியது. வெளியே. துருப்பிடித்த பூட்டு. கூப்பிட்டுப் பார்த்தான். தட்டுவது நிற்கவில்லை. உடைத்துவிட்டான்.

உள்ளே யாருமில்லை. பாய் இல்லை. விளக்கு இல்லை. தரை முழுக்க ஒரு விரல் கனத்துக்குத் தூசி. நடுவில் நாலு ஆணியில் கட்டிய புது வலை. அதற்குள் கருத்தம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தூசியில் அவள் காலடித் தடம்கூட இல்லை. அவளுடைய வலது கை மட்டும் வெறுந்தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. முருகேஷ் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மூன்று நாள் குளிரில் கிடந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா இல்லை, வேறு எதுவும் இல்லை.

அந்த அறையில் யாராவது செத்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முருகேஷ் விடவில்லை. லைனின் சொந்தக்காரர் ஆறுச்சாமியைத் தேடிப் போய் நேரிலேயே கேட்டான். அவர் ஆச்சரியப்பட்டார். பாறைக்குழி ஈரம் ஏறுவதால் அந்த அறையைக் கட்டிய நாளிலிருந்து யாருக்கும் வாடகைக்கு விட்டதே இல்லை என்றார். அங்கே ஒரு ஆள் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. லைனில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

சாவு ஏதாவது நடந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்பாள் கருத்தம்மா. யாருமே வாழாத வீட்டில் அவள் பார்த்தது யாரை?

பதில் அடுத்த வருஷம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

2009, செப்டம்பர். டிரஸ்ட் அமராவதி ஆற்றங்கரை ஊர்களுக்கும் வலை கொடுக்க ஆரம்பித்திருந்தது. கருத்தம்மாவும் முருகேஷும் கொமரலிங்கம் போனார்கள். திருப்பூரிலிருந்து எங்கோ தெற்கே இருக்கிற ஊர். அதற்கு முன்னால் கருத்தம்மா அங்கே கால் வைத்ததே இல்லை. நல்ல வெயில். பகல் 11.10. வயலுக்குப் போகிற தெருவில் மூன்றாவது வீடு. கதவைத் தட்டினாள்.

திறந்தது அந்தப் பெண்.

அதே முகம். நடுக்கம் மட்டும் இல்லை. அவளுக்குப் பின்னால் அந்தப் பெண் பிள்ளை, ஒரு வருஷம் வளர்ந்து நின்றாள். உயிரோடு. இரண்டு பேரும் உயிரோடு.

கருத்தம்மா ஓரடி பின்வாங்கினாள். ஆனால் அவளைவிட அந்தப் பெண் பயந்தாள். கத்தவில்லை. மகளை ஒரு கையால் பின்னால் தள்ளினாள். மெதுவாகக் கேட்டாள்.

“இந்தத் தடவ ஆருக்கு வந்தீங்க?”

அவள் பேர் பொன்னாத்தாள். நிலைப்படியை விட்டு நகராமலே சொன்னாள். போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டில் அவளுக்கும் சின்ன மகளுக்கும் கடும் காய்ச்சல். கரண்ட் இல்லை. கதவை உள்ளே தாழ் போட்டிருந்தார்கள். தாழ் போட்ட கதவுக்கு உள்பக்கம் ஒரு பெண் திடீரென்று நின்றாள். கையில் வெள்ளையாக ஏதோ துணி. புருஷனும் பெரிய மகளும் கண்டுவிட்டார்கள். பிள்ளையை விட்டுவிடு என்று அவர் கும்பிட்டுக் கெஞ்சினார். வந்தவள் சிரித்த முகமாகப் பதிலுக்குக் கும்பிட்டாள். பிறகு சின்னவளைச் சுற்றி அந்தத் துணியைக் கட்டினாள். உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“அவிய ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதுங்க. எனக்குத்தான் காச்சல்ல ஒண்ணும் புரியல. உள்ள வாங்கன்னு நாந்தான் கூப்புட்டேன். தூங்க வைங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

கருத்தம்மாவால் ஒன்றே ஒன்றுதான் கேட்க முடிந்தது. மணி என்ன இருக்கும்?

“ஏழே கால் தாண்டி இருக்கும். ஆரோ வெளிய இருந்து கதவை ஒடைக்கற சத்தம் கேட்டுதுங்க. அவரு எந்திரிச்சுப் போயித் தெறந்து பார்த்தாரு. வாசல்ல ஆருமில்ல. திரும்பிப் பார்த்தா நீங்களும் இல்ல. அந்தத் துணியும் இல்ல. எங்கண்ணு மட்டும் பாயில கெடந்தா. தொட்டா... ஜில்லுன்னு இருந்துது.”