விரல் பார்க்கிறவள்

ஷேர் ஆட்டோக்காரர் மீதிச் சில்லறையை நீட்டினார். தஹ்சீன் சில்லறையை விட்டுவிட்டு அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். நகத்தின் அடியைப் பார்த்தாள், விரலைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள், விட்டுவிட்டாள். "இன்னாம்மா, ரேகையா பாக்குற?" என்றார் அவர். பின்னால் இருந்தவர்கள் நெட்டித் தள்ள, பையைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் தேரடியில் இறங்கினாள். டெல்லியிலிருந்து வந்த ரயிலில் டீ விற்றவர், சென்ட்ரலில் பெட்டி தூக்கியவர், இப்போது இவர். மூன்று பேரின் முகமும் அவளுக்கு நினைவில்லை. விரல்களைக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

வயது இருபத்தொன்று. வடக்கே ஒரு மலை ஊரில் டாக்டருக்குப் படிக்கிறாள், மூன்றாம் வருஷம். டிசம்பரில் பனி கொட்டத் தொடங்கினால் அந்தக் கல்லூரியைச் சாத்திவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கிடைத்த மூன்று வார விடுமுறை இது. ஒல்லியான உருவம், மூக்குக் கண்ணாடி, எந்நேரமும் தோளிலிருந்து நழுவுகிற துப்பட்டா. பேச்சில் இன்னும் ஊர் வாசனை போகவில்லை. இந்திக்காரத் தோழிகளிடம்கூட "இன்னா" என்றுதான் ஆரம்பிப்பாள்.

விரல் பார்ப்பது அவளாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை, பாடத்தில் இருப்பதுதான். இரண்டு கைகளின் மோதிர விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்டவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். நகம் தொடங்கும் இடத்தில் எள்ளளவுக்கு ஒரு சந்து தெரியும். அதன் வழியே வெளிச்சம் வந்தால் கவலையில்லை. விரல் நுனி உப்பி, நகம் வளைந்து, சந்து அடைபட்டுப் போயிருந்தால் நுரையீரலையோ இதயத்தையோ ஒரு தடவை சோதித்துக்கொள்வது நல்லது. அவ்வளவுதான் பாடம். சந்து அடைத்தவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. ஆனால் தஹ்சீனுக்குக் கை சும்மா இருக்காது.

டாக்டருக்குப் படிக்கிற பெண் என்றால் தெருவே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும். இந்தத் தெருவும் கொண்டாடியது, போன ஜூன் வரைக்கும். ஜூன் விடுமுறையில் தெருமுனையில் மீன் விற்ற கெங்கம்மாவின் விரல்களைப் பார்த்தாள். பத்து விரலும் தீக்குச்சி முனை மாதிரி உப்பியிருந்தன. வெயிலுக்கு எதிரே சேர்த்துப் பிடித்ததில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. தஹ்சீனே ஆட்டோ வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் கட்டி, அதுவும் முற்றிய கட்டி. செப்டம்பரில் கெங்கம்மா செத்துப்போனாள்.

தெரு இந்தக் கதையை வேறு மாதிரி அடுக்கிவைத்துக்கொண்டது. "அந்தப் பொண்ணு வெரல பாத்துச்சு. மூணே மாசம், கெங்கம்மா பூட்டா." கட்டி எத்தனை வருஷமாக வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. வளர்ந்ததை யார் பார்த்தார்கள்? தஹ்சீன் பார்த்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அவளுக்கு இதெல்லாம் தெரியாது. வந்த மறுநாள் பதினொரு மணி வாக்கில் தெருவில் நடந்தாள். வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள். உரித்த இறால் தட்டில் அப்படியே கிடந்தது, ஈ மொய்த்தது, ஓட்டக்கூட ஒரு கை வெளியே வரவில்லை. "எப்பம்மா வந்தே? எளச்சிட்டியே," என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார்கள். எதிர்வீட்டில் துணி உலர்த்தியவள் கொடிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். கேரம் ஆடிக்கொண்டிருந்த நாலு பேர் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு காய்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் முறைக்கவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. தெருக்கோடிவரை போய்த் திரும்பினாள். ஒரே ஒரு விரலைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

மளிகைக்கடை ராமசுப்பு இன்னும் ஒரு படி மேலே போனார். தெற்கத்திக்காரர், நாசூக்கு தெரிந்தவர். சாமான் பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, தட்டை ஒரு நீளக் குச்சியால் அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கோ தாயி. ஒனக்கு எதுக்குச் சிரமம்," என்றார். அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊர் பார்க்கக் கையை ஒளித்த தெரு, தனியாக இருக்கும்போது அவளைத் தேடி வர ஆரம்பித்தது. முதலில் வந்தவள் பூமாரி, மூன்றாவது வீடு. புருஷன் ராசையாவுக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்ட். "அவரு தூங்கினு கீறாரு. சத்தம் காட்டாம வந்து ஒரு தபா பாத்துட்டுப் போ. முழிச்சினு இருந்தா ஒத்துக்க மாட்டாரு," என்று கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தவளே பிடித்த கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டாள்.

உச்சி வெயில். உள்ளே ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தது. வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று உறுமுகிற அதிர்வில் தகர அலமாரியின் கதவு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டே இருந்தது. பாயில் மல்லாந்து கிடந்தார் ராசையா. தஹ்சீன் மண்டியிட்டு, பிணத்தின் கையைத் தூக்குகிற கூச்சத்தோடு, அவருடைய இரண்டு மோதிர விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். பூமாரி விரல்களுக்கு அந்தப் பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்தாள். சந்து தெரிந்தது. அதன் வழியே ஒரு பொடி வெளிச்சம் தஹ்சீனின் கண்ணாடியில் விழுந்தது.

அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் ராசையாவின் கண்கள் திறந்திருப்பதைப் பார்த்தாள். எப்போதிலிருந்து திறந்திருந்தனவோ தெரியவில்லை. கையை இழுத்துக்கொள்ளாமல், மூச்சுகூடச் சத்தமாக விடாமல் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"வெளிச்சம் கீதா?" என்றார்.

"கீதுண்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உடனே தூங்கியும் போனார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நோயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சர்ச் பக்கத்துவீட்டு ஜூடி நேராகவே கேட்டாள்: "எனக்கு எவ்ளோ நாளு கீதுன்னு மட்டும் சொல்லிடு. பொண்ணு கல்யாணத்த அதுக்கு ஏத்த மாதிரி வச்சிக்கிறேன்." நாள் எல்லாம் விரலில் எழுதியிருக்காது என்று தஹ்சீன் சொல்லிப் பார்த்தாள். ஜூடி நம்பவில்லை. சொல்ல மனசு வராமல் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, போகும்போது அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

இவ்வளவு விரல் பார்த்தவளுக்குப் பார்க்கக் கிடைக்காத விரல்கள் அவள் வீட்டிலேயே இருந்தன. அவளுடைய அப்பா மதார் சாகிப், கன்டெய்னர் பழுது பார்க்கும் யார்டில் இருபத்தாறு வருஷமாக வேலை. மணலைக் காற்றோடு பீய்ச்சி அடித்து இரும்பில் ஏறிய துருவை எடுப்பார்கள். அந்தத் தூசி பறக்கிற இடத்தில் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பவர். வந்த நாளிலிருந்து அவர் கை அவள் கண்ணில் படவில்லை. "கிரீஸ் போக மாட்டேங்குது," என்று வீட்டுக்குள்ளும் நூல் கையுறை. ஸ்பூனில் சாப்பிடுகிறவர்களை வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தவர், ஸ்பூனில் சோறு அள்ளினார். வேலை விட்டு வந்து வீட்டிலேயே தொழுகிற மனுஷன், இப்போது ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போனார். அம்மா மலிகாவுக்கு முதலில் சந்தோஷம்தான். தஹ்சீனுக்குக் காரணம் புரிந்தது. நெற்றியைத் தரையில் வைக்கும்போது இரண்டு கையும் விரிந்து கிடக்கும், பத்து நகமும் மேலே தெரியும்.

இருமலையும் அவர் வெளியிலேயே முடித்துக்கொண்டார். தொழுதுவிட்டு வந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். காலடிச் சத்தம் நின்றுவிடும், கதவு திறக்காது. இரண்டு நிமிடம், சில நாள் நாலு நிமிடம். மூச்சு அடங்குவதற்காக ஒரு ஆள் அங்கே நிற்கிறார் என்று தெரிந்தும், இந்தப் பக்கம் அம்மாவும் மகளும் கதவைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார்கள். தஹ்சீனுக்கு அந்த விரலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருக்கும். பார்த்துவிடக் கூடாது என்றும் இருக்கும்.

"நீயாச்சும் சொல்லேன்மா. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்," என்றாள்.

"ஒன் படிப்பெல்லாம் அங்க வச்சிக்கோ. இது வூடு," என்றாள் மலிகா. கொஞ்ச நேரம் கழித்து, "கெங்கம்மாவும் நல்லாத்தான்டி இருந்தா," என்றாள்.

பெற்ற தாயும் தெருவோடு சேர்ந்துகொண்டது தஹ்சீனுக்குப் பேரிடி. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

ரயில் ஏற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை. மதார் சாகிப் வேலைக்குப் போகாமல் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையுறை இல்லை, கைகள் இரண்டும் முஷ்டியாக மடியில் இருந்தன. "வாடா கண்ணு. பாக்கணும் பாக்கணும்னு திரிஞ்சியே, பாத்துக்க," என்றார். மோதிர விரல்களை மட்டும் நீட்டி, நகத்தோடு நகம் வைத்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். வெளிச்சம் வந்தது. தாராளமாகவே வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் சமையலறை வாசலில் நின்ற மலிகா.

தஹ்சீன் இன்னும் கிட்டே போனாள். இத்தனை பெரிய இடைவெளியை அவள் புத்தகப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஜன்னல் கட்டையில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. நகம் இரண்டும் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, அடியில் சிவப்பாகச் சதை தெரிந்தது. குறுக்கே நேர்நேராக அரத்தின் கோடுகள். கன்டெய்னர் கதவு சரியாக மூடவில்லை என்றால் இழைத்து இழைத்துப் பொருத்துகிற கை அது. வலியைப் பொறுத்துக்கொண்டு, மகளுக்கு வெளிச்சம் வரும்வரை நகத்தை அராவியிருக்கிறார்.

தஹ்சீன் அவருடைய வலது மோதிர விரலைப் பிடித்து, நகம் தோலுக்குள் போய் மறைகிற இடத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். அரம் அங்கே எட்டாது; நல்ல விரலில் அந்த இடம் கெட்டியாக இருக்கும். ஊறிய பஞ்சு மாதிரி அது அமுங்கியது. கையை எடுக்காமல் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

அவர் விரலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் அவள் முகத்தை அப்படித்தான் பார்த்தார்கள்.

"டிக்கெட்ட மாத்திக்கிறேன் அத்தா," என்றாள் தஹ்சீன். "நாளைக்கு நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் பாத்ததால எதுவும் வராது. பாக்காம வுட்டா இருக்கறது போவவும் போவாது."

மலிகா உள்ளேயிருந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மதார் சாகிப் மகளின் கைகளில் இரண்டு முஷ்டிகளையும் வைத்து, அரம் படாத எட்டு விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்தார்.