ஏரியின் மறுகரைக்காரர்

சித்தூருக்கு எல்லை அதிகாரியைப் பார்க்கப் போனது நைனாவும் நானும்தான்; வருவதாகச் சொன்ன ஊர்ப் பெரியவர்கள் யாரும் வரவில்லை. மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரித்த சமயம்; எங்கள் ஊர் மெட்ராஸில் சேரும் என்று பேச்சு. ஏரி மட்டும் ஆந்திராவுக்குப் போனால் மதகை அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, நான் எழுதிய மனுவோடு போனோம்.

வெளியே ஒரு தெலுங்கு விவசாயி காத்திருந்தார். ஏரியின் மறுகரை ஊர். நல்ல உயரம், வாய் திறக்கும்முன் துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொள்வார்.

"நீங்க எதுக்கு வந்துகீறீங்க?" என்றார் நைனா.

துண்டை உதறினார். "ஏரி மெட்ராஸுக்குப் போனா எங்களுக்குத் தண்ணி விடமாட்டாங்களாமே அண்ணா. அவங்க பெரிய ராஜ்யம்."

"அந்த மெட்ராஸ் நாங்கதான்."

எங்கள் வெறுங்காலையும் கூழ்த் தூக்கையும் பார்த்துச் சிரித்தார். "அய்யோ ராமா! உங்களுக்குப் பயந்தா நான் தூக்கமில்லாம கெடந்தேன்?"

கூழை மூவரும் குடித்தோம். ஆனாலும் கூப்பிட்டபோது அவரும் மனு கொடுத்தார், நாங்களும் கொடுத்தோம். "மனுஷன் நல்லவரு, அவங்க சர்க்காரை எப்டி நம்பறது?" என்றார் நைனா. எங்களை நினைத்தும் ஒருவர் பயந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

எல்லைக்கோடு ஏரியின் நடுவில் விழுந்தது. அடுத்த மழையில் கரை உடைந்தபோது இரண்டு சர்க்காரும் ஒன்றையொன்று கைகாட்டின. கடைசியில் இரண்டு ஊரும் சேர்ந்துதான் கரையைக் கட்டினோம். வீட்டுக்குப் பதினோரு ரூபாய் ஆயிற்று.