சமையலறைக்கு ஒரு வாட்டம்

டைல்ஸை எல்லாரும் பார்ப்பார்கள். அதற்கு அடியில் இருக்கிற தளம் கண்ணில் படுவது ஓரிரு நாள்தான். அதனால் டாக்குரியாவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் சமையலறைத் தரையைப் பெயர்த்த அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டேன். மேலே மொசைக், கீழே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், அதற்கும் கீழே ஈர மண். அடேயப்பா! வீட்டின் வயிற்றையே திறந்து பார்த்த மாதிரி இருந்தது.

மத்தியானத்துக்குள் மிஸ்திரி புது சிமெண்ட் கலவையைப் பரப்பி, பலகையால் இழுத்து முடித்தார். ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில். "பாரு, கேரம் போர்டு!" என்றார் பெங்காலியில். நான் கைதட்டினேன்.

லேக் மார்க்கெட்டிலிருந்து காபிப்பொடியும் வாழையிலையுமாக வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வாட்டம் எங்கேடி?"

சமைத்து முடித்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி, சுவரோரத் துளை வழியாக வெளியே அனுப்பினால்தான் அம்மாவுக்கு அது சமையலறை. இத்தனை வருஷமும் மாடி வாடகை வீட்டில், கீழ்வீட்டு சீலிங் ஒழுகும் என்று ஈரத்துணியால் துடைத்தே காலம் தள்ளியவள். இந்த வீட்டுக்குத் தலையாட்டியதே அந்தத் துளையைப் பார்த்துத்தான். இப்போது கலவை இப்படியே இறுகிவிட்டால் தண்ணீர் நடுவிலேயே நிற்கும்!

"பௌதி, சாய்வு பாத்ரூமுக்குத்தானே? இங்கே துடைச்சா போதாதா?" என்றார் மிஸ்திரி. பௌதி என்றால் அண்ணி.

கோபம் வந்தால் அம்மாவின் பெங்காலி தமிழாகிவிடும். "மீன் பொரிக்கிற வீட்டிலேருந்து வந்துட்டு, துடைச்சா போதுமாம்! அப்படியே சொல்லுடி."

பாதிதான் சொன்னேன். மீதியை அம்மாவின் முகம் சொல்லிவிட்டது. மிஸ்திரி சிரித்துவிட்டார்.

"சரி, கலவை இன்னும் பச்சையாத்தான் இருக்கு. ஆனா சாய்வு ஜாஸ்தியானா உங்க கிரைண்டர் நடந்து போயிடும் பௌதி."

"கிரைண்டர் மூலையை மட்டும் சமமா விடச் சொல்லு."

அப்புறம் ஒரே ஓட்டம்! நூலின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். துளைப்பக்கம் சுரண்டி, எதிர்ச்சுவரோரம் ஏற்றி, மறுபடி இழுத்து... என் சுடிதார் பூராவும் சிமெண்ட்.

மறுநாள் காலை தளம் இறுகியதும், எப்படியும் நனைக்கத்தானே வேண்டும் என்று அம்மா வாளியோடு வந்தாள். ஊற்றினாள். தண்ணீர் பரந்தது. நடுவில் கொஞ்சம் யோசித்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பிறகு மெல்ல ஒரு நாக்கு நீண்டு துளையைத் தொட்டது. அவ்வளவுதான், களக் களக்கென்று மொத்தமும் அதன் பின்னால்!

நான் வெளியே ஓடி, "வருது, வருது!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து மிஸ்திரியின் குரல் கேட்டது: "பௌதி, இன்னொரு வாளி!"

அம்மா ஏற்கெனவே துடைப்பத்தை எடுத்துவிட்டிருந்தாள்.